கோழி முட்டையை நிறுத்தினால் நிறுத்தட்டும், விடுங்கள்

"கோழி முட்டை போடுவதை நிறுத்திடுச்சு, என்ன டானிக் கொடுக்கலாம்?"

நான் கோழி வளர்க்கிறேன் என்று தெரிந்தாலே யாராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். என்ன வயசு என்று கேட்டால் மூன்று இருக்கும், நாலு இருக்கும் என்பார்கள். நடுவில் அடை கிடந்ததா என்றால், "கிடந்துச்சு, உடனே தெளிய வச்சுட்டோம்" என்று பெருமையாகப் பதில் வரும். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

அடை தெளிய வைப்பது, அதாவது அடை உட்காரும் கோழியைக் கலைத்து எழுப்புவது, நம் ஊரில் எப்படி என்று தெரியும்தானே? தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்குத் துவாரத்தில் இறகைச் சொருகுவது, காலைக் கட்டிப் போடுவது. சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அடை கிடப்பதும் இறகு உதிர்ப்பதும்தான் அந்த உடம்புக்கு வருசத்தில் கிடைக்கிற லீவு. அதையும் பிடுங்கிக்கொண்டு, வயசான பிறகு வாயைத் திறந்து டானிக் ஊற்றுவதில் என்ன நியாயம்?

ஒரு முட்டைக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும், வலப்பக்கத்தது வளராமலே சுருங்கிக் கிடக்கும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து கழன்று முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓட்டில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 2 கிராம். ஓடு இறுகுவது பெரும்பாலும் ராத்திரியில், அப்போது இரைப்பையில் தீவனம் மிச்சமில்லை என்றால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தினமும் எடுத்துத் தினமும் திருப்பி வைக்க வேண்டும். வயசாக ஆக முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்குச் சேரும் சுண்ணாம்பு மட்டும் அந்த அளவுக்குக் கூடாது. அதனால்தான் கிழக்கோழி முட்டை பெரிதாக, சொரசொரப்பாக, தொட்டாலே விரிசல் விடுவதாக இருக்கிறது. உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது ஓடு இன்னும் மெலிந்து, சில சமயம் வெறும் தோல் முட்டையாக விழும். இதெல்லாம் நோய் இல்லை, வயசும் வெயிலும்தான்.

காட்டுக்கோழி வருசத்துக்கு 10, 15 முட்டைதான் இடும். நம் சிறுவிடை நாட்டுக்கோழி 60, 80 வரை இடும். கொஞ்சம் முட்டை, அப்புறம் 21 நாள் அடை, அப்புறம் குஞ்சோடு அலைச்சல் என்று போவதால் அதன் உடம்பு தாங்குகிறது. பண்ணை வெள்ளைக்கோழியோ 300-க்கு மேல் இடும். அடை கிடக்கும் குணத்தையே அதன் ரத்தத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றரை வயசு தாண்டியதும் கழித்துவிடுவதால், அதற்கு மேல் அந்தக் கோழிக்கு என்ன ஆகும் என்று அங்கே யாரும் பார்க்க வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி வந்து கொல்லையில் விடுகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

பார்த்தால் மனசு கேட்காது. மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழும். அதில் கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். கோழி பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று, காலை அகட்டி அகட்டி நடக்கும். கொண்டை வெளிறிவிடும். பின்பக்கத்து இறகில் வெள்ளையும் மஞ்சளுமாக எச்சம் ஒட்டியிருக்கும். வயிற்றைத் தொட்டால் சூடாக, கனமாக இருக்கும். இந்தக் கட்டத்தில் வெந்தயமும் பூண்டும் அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். முட்டை சிக்கிக்கொண்டு முக்கினாலும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம், விரலை விட்டு உள்ளேயே உடைத்துவிடக் கூடாது.

சினைப்பைப் புற்றும் கோழிக்குத் தானாக வரும், அதுவும் இரண்டு மூன்று வயசுக்கு மேல். பெண்களுக்கு வரும் அந்தப் புற்றைப் புரிந்துகொள்ளவே ஆராய்ச்சிக்காரர்கள் முட்டைக்கோழியை வைத்துப் பார்க்கிறார்கள். முட்டையிடுவது குறைந்த கோழிகளில் புற்றும் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஓய்வின் மதிப்பு பண்ணைக்காரர்களுக்கும் தெரியாததில்லை. தீவனத்தை நிறுத்தி, வம்படியாக இறகு உதிர்க்க வைத்து, இன்னொரு சுற்று முட்டை எடுக்கும் முறை பல நாடுகளில் இருந்தது. கோழி தானாக எடுக்கும் ஓய்வை நாம் கெடுக்கிறோம், அவர்கள் பட்டினி போட்டு ஓய்வு கொடுத்தார்கள். என்ன பிழைப்போ!

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொழுது விடியாதுதான், ஆனால் வயசான பெட்டை நிஜமாகவே கூவுவது உண்டு. இடப்பக்கச் சினைப்பை கட்டியாலோ நோயாலோ கெட்டுப்போனால், சும்மா கிடந்த வலப்பக்கத்தது விழித்துக்கொண்டு சேவல் சுரப்பைச் சுரக்க ஆரம்பிக்கலாம். கொண்டை பெரிதாகும், காலில் முள் வளரும், கூவவும் கூவும். வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அறுத்துவிடுவார்கள். அறுத்துச் சாப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறவன்தான். அபசகுனம் என்று அதன் மேல் பழி போடுவதைத்தான் சொல்கிறேன்.

சரி, நின்றுவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எச்சத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் முள் மாதிரி நீட்டியிருக்கும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இடுகிற கோழிக்கு இரண்டு மூன்று விரல் போகும், துவாரம் ஈரமாக அகன்றிருக்கும். நின்ற கோழிக்கு ஒரு விரல்தான், துவாரம் வறண்டு சுருங்கியிருக்கும். அதோடு கோழி சுறுசுறுப்பாக மேய்கிறது என்றால் கவலையே வேண்டாம். முட்டைக்கோழிக்கென்று கால்சியம் கூட்டி விற்கும் லேயர் தீவனத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். முட்டைக்கு வேண்டிய கால்சியம் முட்டையே இல்லாத உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியது கொத்திக்கொள்ளும். கம்பு, சோளம், கீரை, கொஞ்சம் கரையான் போதும்.

முட்டை போடாத கோழிக்கு எதற்குத் தீவனம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வெடக்கோழிகள், அதாவது இளம் பெட்டைகள், இடும் முட்டையைக் கிழக்கோழிக்கு அடியில்தான் வைக்கிறோம். வெடக்கோழி பாதி அடையில் எழுந்து ஓடிவிடும். கிழடு எழுந்தால் இரை தின்று, எச்சம் போட்டு, சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடும். பருந்து நிழல் தெரிந்தால் முதல் குரலும் அதனுடையதுதான்.