இழுப்பறைக்குள் கிடந்த தாடை

அருங்காட்சியகங்களில் நூறு, இருநூறு வருடமாகக் கிடக்கும் புதைபடிவ எலும்புகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதையெல்லாம் எப்பவோ ஆராய்ந்து முடித்திருப்பாங்களே, ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டு இடத்தைக் காலி பண்ணலாமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது.

கென்யாவில் மெஸ்வா பிரிட்ஜ் என்ற இடத்தில் 1978க்கும் 1980க்கும் இடையே, ஆதி வாலில்லாக் குரங்குகளைத் தேடித் தோண்டியவர்களுக்கு ஒரு பெரிய தாடை கிடைத்தது. அவர்கள் தேடி வந்தது அதுவல்ல, அதனால் நைரோபி அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குப் போய்விட்டது. அது 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சிங்கத்தைவிடப் பெரிய ஊனுண்ணியுடையது என்று 2019இல்தான் அறிவித்தார்கள். பெயர் சிம்பாகுப்வா, ஸ்வாஹிலியில் பெரிய சிங்கம். (சிங்கத்துக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது என்பது வேறு கதை.)

அப்புறம் டாக்ஸோடான், தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பெரிய தாவர உண்ணி. 1833இல் உருகுவேயில் டார்வின் அதன் மண்டையோட்டைப் பதினெட்டு பென்ஸுக்கு வாங்கினார். அதற்கு முன்பே அங்கிருந்த பையன்கள் அதைக் குறிவைத்துக் கல்லெறிந்து சில பற்களை உதிர்த்துவிட்டிருந்தார்கள். இந்த விலங்கு எந்த விலங்குக் கூட்டத்துக்கு உறவு என்ற சண்டை அதன்பிறகு ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஓடியது. 2015இல் அருங்காட்சியகங்களில் இருந்த வேறு டாக்ஸோடான் எலும்புகளிலிருந்து கொலாஜன் புரதத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், குதிரை, காண்டாமிருகக் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. எலும்பை எடுத்து வைத்த காலத்தில் புரதத்தைப் படிக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா? ஸ்கேன் மட்டும் வைத்திருந்தால் வடிவம் மிஞ்சியிருக்கும், புரதத்துக்கு எங்கே போவது?

இந்தோஹையஸ் என்ற அழிந்துபோன பிராணியின் கதை இன்னும் வேடிக்கை. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் சேகரித்த, புதைபடிவங்கள் அடங்கிய பாறைகளை, அவர் இறந்தபிறகு அவர் மனைவி ஓர் ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் ஒருவர் கை தவறி மண்டையோட்டை உடைத்துவிட, உள்ளே திமிங்கலத்துக்கு இருப்பதைப் போலவே தடித்த காது எலும்பு! திமிங்கலத்தின் நெருங்கிய உறவினர், மான் போன்ற ஒரு சின்னப் பிராணி என்று 2007இல் வெளியானது. இது அருங்காட்சியகச் சேகரிப்புகூட இல்லை. யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பழைய சேகரிப்பெல்லாம் அப்படியே பொக்கிஷம் என்று சொல்ல வரவில்லை. எந்த ஊர், எந்த மண்ணடுக்கு என்று எழுதிய துண்டுச்சீட்டு தொலைந்துபோன எலும்பில் பாதி விஷயம் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி வார்னிஷ் வேறு பூசிவிடுவார்கள், இன்று வேதியியல் சோதனை செய்பவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை கெடுத்தது திரும்பி வராது. அதனால்தான் மாதிரி எடுக்கப் பல்லில் துளை போடணும் என்று வருபவரிடம் "எதற்கு, எவ்வளவு, வேறு பல் ஆகாதா" என்று நச்சரிக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்கள் பக்கம்தான் நான்.