முகாம் மூடிய மறுநாள் எங்கே போவது?

அக்டோபர் பிறந்தால் எங்கள் டெல்டாவில் பேரிடர் ஆயத்தக் கூட்டங்கள் களைகட்டிவிடும். மணல் மூட்டை, மரம் அறுக்கும் மெஷின், ஜெனரேட்டர், முகாமுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். வேண்டியதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறுவதற்கு முன்பே ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோனதால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் முகாமை மூடிய மறுநாள் அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

கஜாவுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கூரை பறந்த மண்சுவரின் மேல் நிவாரணத் தார்ப்பாய், அது எழும்பாமல் இருக்க ஓரமெல்லாம் செங்கல். வெயிலில் நைந்து கிழிந்த பிறகும் அதன் கீழேதான் குடித்தனம் நடந்தது. கான்கிரீட் வீடு தருவதாக அறிவிப்பெல்லாம் வந்தது. சரி, பட்டா எங்கே? இங்கே எத்தனையோ தெருக்கள் கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் இருக்கின்றன. ரேஷன் கார்டு இருக்கும், கரண்ட் பில் வரும், தாத்தா காலத்து வேப்பமரம்கூட வாசலில் நிற்கும். மனை மட்டும் அவர்கள் பேரில் இருக்காது. புயல் அடித்த வாரத்தில் தாசில்தார் இதைத் தீர்த்துவைப்பாரா?

சுனாமியிலும் இதே கதைதான். கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால்தான் புது வீடு கட்டித்தருவோம் என்ற அரசாணை வந்தது 2005 மார்ச் கடைசியில். அதற்குள் நாகையில் சனங்கள் தார் ஷீட் கொட்டகைகளுக்குப் போயிருந்தார்கள். நடுப்பகலில் அதற்குள் உட்கார முடியாது, வேகும். வயநாட்டிலும் 2024 ஜூலை 30இல் நிலச்சரிவு. வீடு கட்ட அரசு எடுத்த எஸ்டேட் நிலம் கோர்ட்டுக்குப் போய் வந்து, கல்பற்றாவில் புதுக்குடியிருப்புக்கு அடிக்கல் நட்டது 2025 மார்ச் 27இல். பணத்தைவிட நிலம்தான் எங்கும் இழுத்தடிக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். மனைப்பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலை ஊராட்சி இப்போதே எடுத்து கிராம சபையில் வாசிக்கட்டும். தற்காலிக வீடுகளுக்கு மேட்டு நிலம் ஒன்றை, தண்ணீர் வசதி பார்த்து, முன்கூட்டியே ஒதுக்கட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டுச் சேதத்துக்கான பணம் வீட்டுக்காரருக்குப் போய்விடும். குடியிருந்தவர் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்பார்.

நவம்பர் 1 கிராம சபைக்கு எங்கள் ஊரில் மனு தயார். உங்கள் ஊருக்கும் மாதிரி வேண்டுமென்றால் கமென்ட்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.