சைடு டிஷ் கல்லீரலைக் காப்பாற்றாது

"வெறும் வயித்துல அடிக்காதடா. நல்லா எண்ணெய்ல பொரிச்சது ரெண்டு உள்ள போட்டுட்டு அடிச்சா ஒன்னும் பண்ணாது." தமிழ்நாட்டில் குடிப்பவர்களுக்குச் சொல்லும் இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு. அண்ணன் தம்பிக்குச் சொல்கிறார், மாமா மச்சானுக்குச் சொல்கிறார். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி எத்தனை பேரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கொழுப்பு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, நம் ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பை உள்ளே எடுக்க உடம்பு ஒரு தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. சாப்பாடு இரைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும்போது பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும். பித்த உப்புகள் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக்கும். கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளில் வேலை செய்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும். குடல் சுவரில் இருக்கும் செல்கள் அவற்றை இழுத்துக்கொண்டு, மறுபடியும் கொழுப்பாகக் கட்டி, மேலே புரத உறை போட்டு, கைலோமைக்ரான் என்ற பொட்டலங்களாக அனுப்பும்.

இந்தப் பொட்டலம் போகும் வழியைக் கவனியுங்கள். சோற்றிலிருந்து வரும் சர்க்கரை, பருப்பிலிருந்து வரும் புரதம் எல்லாம் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் போகும். கைலோமைக்ரான் அப்படிப் போகாது. நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சு வழியாக மேலே போய், இடது கழுத்துப் பட்டை எலும்புக்குப் பக்கத்தில்தான் ரத்தத்தில் கலக்கும். அங்கிருந்து தசையும் கொழுப்புத் திசுவும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் கல்லீரலுக்கு வரும். நாம் தின்ற எண்ணெயின் பெரும்பகுதியைக் கல்லீரல் கடைசியில்தான் பார்க்கிறது.

சரக்குக்கு இதெல்லாம் கிடையாது. பித்தம் வேண்டாம், நொதி வேண்டாம், செரிக்க வேண்டிய வேலையே இல்லை. இரைப்பையில் கொஞ்சம், சிறுகுடலில் மீதி என்று அப்படியே உறிஞ்சப்பட்டு நேரே கல்லீரலுக்குப் போய்விடும். சர்க்கரையையும் கொழுப்பையும் சேமித்து வைக்க உடம்பில் இடம் இருக்கிறது, ஆல்கஹாலைச் சேமிக்க இடமே இல்லை. எரித்தே தீர வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்பது போல, ஆல்கஹால் வந்துவிட்டால் கல்லீரலில் மற்ற வேலைகள் ஒதுங்கி நிற்கும்.

ஒரு குவார்ட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரு கிராமுக்கு 7 கலோரி, ஆக 420 கலோரிக்கு மேல். கொழுப்புக்கு ஒரு கிராமுக்கு 9, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான். இரவு 9 மணிக்கு அடித்த குவார்ட்டர் முழுக்கத் தீர விடியற்காலை ஆகிவிடும். மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காபி, தலைக்குத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

கல்லீரலில் கொழுப்பு படியும் ஃபேட்டி லிவர் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆல்கஹாலை எரிக்கக் கல்லீரலுக்கு என்ஏடி என்ற ஒரு துணைப்பொருள் தேவை. கொழுப்பை எரிக்கவும் அதே என்ஏடிதான் தேவை. எல்லாவற்றையும் ஆல்கஹால் பிடித்துக்கொண்டால் கொழுப்பு எரிவது நின்றுபோகிறது. போதாததற்குக் கல்லீரல் புதிதாகவும் கொழுப்பைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. இது பல வருடம் குடித்த பிறகு நடப்பது இல்லை, குடிக்கும் ஒவ்வொரு இரவும் நடப்பது. நடுவில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வேறு, கல்லீரல் செல்களைப் புண்படுத்துகிறது.

சரி, சைடு டிஷ் என்ன செய்கிறது? சாப்பிட்டிருந்தால், அதிலும் எண்ணெயோடு சாப்பிட்டிருந்தால், இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஆல்கஹால் குடலுக்கு இறங்குவது தாமதமாகும், ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று ஏறாது. உண்மை என்று சொன்ன பாதி இதுதான். ஆனால் குடிப்பவர் அளவை மில்லியில் பார்ப்பதில்லை, போதையில்தான் பார்க்கிறார். ஏறவில்லை என்றதும் இன்னொரு கட்டிங் வருகிறது, கூடவே இன்னொரு பிளேட் சிக்கன் 65. அடித்ததில் ஏறக்குறைய எல்லாமும் கல்லீரலுக்குத்தான் வந்து சேரும், கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். எண்ணெய் அதன்மேல் எந்தப் பூச்சும் பூசுவதில்லை.

எங்கள் கூடத்தில் காலையில் வெறும் வயிற்று ரத்தம் எடுப்போம். மெஷினில் சுற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிவான இளமஞ்சளாக நிற்க வேண்டும். சிலருடைய குழாயில் மேல்பாதி வெள்ளை வெளேரென்று பாலாக இருக்கும். எல்லாம் கொழுப்பு. குடிப்பவர்களுக்கு மட்டும்தான் இப்படி வரும் என்றில்லை, கட்டுப்படாத சர்க்கரை நோயிலும் வரும், பரம்பரையாகவும் வரும். ஆனால் "நைட்டு விசேஷமா?" என்று கேட்டால் தலையைக் குனிபவர்கள் இவர்களில் நிறைய. அந்தக் குழாயை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தால் சிலவற்றில் மேலே ஆடை படிந்திருக்கும், கீழே கலங்கலாக நிற்கும். மேலே படிவது கைலோமைக்ரான், அவர் தின்றது. கீழே கலங்கி நிற்பது விஎல்டிஎல், அவருடைய கல்லீரல் உருவாக்கி அனுப்பியது. கொழுப்பான சாப்பாட்டோடு ஆல்கஹாலும் சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரம் பிடிக்கும். அது ஒரு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. ஆல்கஹால் தனியாகவே கணையத்தைக் கெடுக்கக்கூடியது. கணையம் போனால் லைபேஸ் போகும், அப்புறம் தின்ற எண்ணெய் செரிக்காமல் மலத்தில் மிதக்கும், ஏ, டி, இ, கே வைட்டமின்களும் சேராது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று வந்ததும் வீட்டில் முதல் குற்றவாளி எண்ணெய்ச் சட்டிதான். "இப்பல்லாம் எண்ணெயே தொடுறதில்லக்கா" என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி, தேங்காயை நிறுத்தியதையும் முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் கொடுப்பதையும், ஏதோ தன் கைப்பக்குவத்தால் வந்த நோய் போல ஒவ்வொன்றாகச் சொல்வார். குவார்ட்டர் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குடிப்பழக்கம் இல்லாத ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் இருந்த கொழுப்பில் சாப்பாட்டுக் கொழுப்பு நேரடியாகக் கொண்டுவந்தது சுமார் 15 சதவீதம்தான். ஏறக்குறைய 60 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வந்தது, கால்வாசி கல்லீரலே தயாரித்தது. குடிக்காதவருக்கே இப்படி என்றால், கொழுப்பை எரிக்கவிடாமல் செய்யும் ஆல்கஹாலை விட்டுவிட்டுத் தாளிக்கும் கரண்டியை அளந்து என்ன பயன்? தூக்கிப் போடும் மஞ்சள் கருவில் கோலின் என்ற சத்து இருக்கிறது. கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்ப அது தேவை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பது கெடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் டம்ளரில் ஊற்றியதற்கு இன்னொருவர் அடுப்படியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்காக வெறும் வயிற்றில் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்னும் மோசம். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தீர்ந்ததும் அது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். ஆல்கஹால் அந்தத் தயாரிப்பையும் நிறுத்திவிடும். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, டீயும் வடையுமாகப் பொழுதை ஓட்டிவிட்டு, சாயங்காலம் சோற்றுக்கு முன்னால் குடிப்பவருக்குச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரைக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். வேர்த்து, உளறி, ரோட்டோரம் விழுந்து கிடப்பவரை "ஃபுல் மப்பு" என்று தாண்டிப் போகிறோம். அவருக்குத் தேவைப்பட்டது உடனடி குளுக்கோஸாக இருக்கலாம். தயவுசெய்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுபவர்களுக்கும் ஒன்று. தொடர்ந்து குடிப்பவர்களின் கல்லீரலில் சிஒய்பி2இ1 என்ற நொதி கூடியிருக்கும். அது அந்த மாத்திரையில் ஒரு பகுதியைக் கல்லீரலைத் தாக்கும் நச்சாக மாற்றும். வழக்கமான குடி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை அள்ளிப் போட வேண்டாம்.

ரத்தம் கொடுக்க வரும்போது முந்தின நாள் குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம். ரத்தத்தில் கொழுப்பு இப்படிப் பாலாகக் கலந்திருந்தால் சோடியம், ஹீமோகுளோபின் உட்படப் பல முடிவுகள் தப்பாக வரலாம், அதை வைத்து மருந்து எழுதினால் அதுவும் தப்பாகும். வெறும் கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் கல்லீரல், குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தினமும் அதிகம் குடிப்பவர் மட்டும் தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்து, கூடவே இருந்து நிறுத்த உதவுவார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம்.