மூணு ஸ்டார் புத்தகங்கள்

ஐந்து ஸ்டார் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஸ்டார் புத்தகத்தைத் துவைத்துக் காயப்போடவும் ஒரு கூட்டம் எப்போதும் தயார். நடுவில் கிடக்கிற மூணு ஸ்டார் புத்தகம்தான் கேட்பாரற்றுப் போகிறது. "சுமார். ஒருமுறை படிக்கலாம்." ஸ்டாருக்கு ஒரு வார்த்தை வீதம் மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் சாதாரண வாசகர் கையில் வந்து சேர்வதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

"சுமார்" என்பது கருத்தே இல்லை என்பது என் கட்சி. எந்தப் பக்கத்தில் சுமார், எதனால் சுமார் என்று சொன்னால்தான் அடுத்தவருக்கு ஏதாவது பிரயோஜனம். அப்படிச் சொல்ல முடியும். ஏனென்றால் சுமாரான புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான இடங்களில்தான் சறுக்குகின்றன. நாவல் நடுவில் தொய்யும். கதையல்லாத நூல், அதாவது அபுனைவு, முதல் எழுபது எண்பது பக்கத்திலேயே சரக்கு தீர்ந்துபோய், மிச்சப் பக்கங்களில் தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

முதலில் அபுனைவு. பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்தால் 240 பக்கப் புத்தகத்தில் 60,000 சொல் இருக்கும். ஆனால் அதன் மையக் கருத்து பெரும்பாலும் 6,000 சொல்லில், ஒரு நீண்ட பத்திரிகைக் கட்டுரையில் அடங்கிவிடக் கூடியது. பத்து மடங்கு இழுக்க வேண்டும். எதை வைத்து இழுப்பது? அத்தியாயத்தின் முதல் நாலு பக்கம் யாரோ ஒருவரின் கதை. அடுத்த மூன்று பக்கம் ஓர் ஆய்வு. அதற்கடுத்த இரண்டு பக்கம் "இதிலிருந்து நாம் அறிவது". கடைசியில் கட்டம் கட்டி "நினைவில் கொள்ள". அடுத்த அத்தியாயத்தில் வேறு ஆள், வேறு ஆய்வு, அதே பாடம்.

இதைப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். எல்லா அத்தியாயங்களின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு, ஒரு நகரம், ஒரு மழை, காபிக் கோப்பையோடு நுழையும் ஒரு மனிதர் என்று தொடங்கினால் அது அச்சில் வார்த்த புத்தகம். அதற்கு இந்த வரிசை சரிப்படும்: முன்னுரை, முதல் இரண்டு அத்தியாயங்கள், பிறகு இருப்பதிலேயே நீளமான அத்தியாயம், கடைசியாக முடிவுரை. நீளமான அத்தியாயம் எதற்கு என்றால், ஆசிரியர் கையில் நிஜமாகவே விஷயம் இருந்த இடம் பெரும்பாலும் அதுதான். மற்ற இடங்களில் ஊதியிருப்பார். அங்கே மட்டும் அடக்க முடியாமல் திணறியிருப்பார்.

பின்னால் இருக்கும் குறிப்புகளையும் ஒரு புரட்டு புரட்டலாம். எந்த அத்தியாயத்துக்கு மூல ஆவணம், நேர்காணல், ஆய்வுக் கட்டுரை என்று குறிப்பு குவிந்திருக்கிறதோ அங்கே உழைப்பு இருக்கிறது. வெறுமனே இதே மாதிரி பிரபலப் புத்தகங்களைக் கைகாட்டும் அத்தியாயம் கேட்டதைச் சொல்லும் அத்தியாயம். குறிப்பும் இல்லை, பொருளடைவும் இல்லை என்றால் அதை வரலாற்று நூல் என்று விற்கக் கூடாது. நல்ல பேச்சாளரின் மேடைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் கம்மி.

தடிமனைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். புத்தகம் ஃபாரம் கணக்கில், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுகளாக அச்சாகிறது. 16 பக்க ஃபாரம் என்றால் 160, 176, 192, 208 என்றுதான் பக்கம் ஏறும். கொஞ்சம் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைத் தளர்த்தி நிரப்பிவிடலாம். ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டால், 25 அத்தியாயத்துக்கு உத்தேசமாக ஒரு டஜன் வெற்றுப் பக்கம் சும்மா சேரும். கடையில் புரட்டும்போது ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 22 வரியும் 34 வரியும் ஒன்றல்ல.

சுமாரான அபுனைவின் இன்னொரு வியாதி, எண்ணை உருட்டித் திரட்டுவது. "பத்தாயிரம் மணி நேரம்" கதையைக் கிட்டத்தில் பார்ப்போம். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லினில் ஓர் இசைக் கல்லூரி. மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் பத்துப் பேர், நன்றாக வாசிப்பவர்கள் பத்துப் பேர், இசை ஆசிரியர் ஆகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேர். சிறந்த பத்துப் பேர் 18 வயதுவரை தனியாகச் சாதகம் செய்த நேரத்தின் சராசரி 7,410 மணி. 20 வயதில் அது 10,000-ஐத் தாண்டியது. அவ்வளவுதான் விஷயம். 2008-இல் வந்த ஒரு பெஸ்ட்செல்லர் இதை விதியாக்கியது. அதைப் பார்த்து எழுதிய அடுத்த வரிசைப் புத்தகங்கள் "எந்தத் துறையானாலும் பத்தாயிரம் மணி நேரம், நீங்களும் மேதை" என்று ஆக்கிவிட்டன. எரிக்சனே பிற்பாடு மறுத்து எழுதினார்: அது சராசரி, அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் 20 வயதில் அந்த எண்ணைத் தொடவே இல்லை, தவிர, 20 வயதில் அவர்கள் நம்பிக்கை தரும் மாணவர்கள்தான், மேதைகள் இல்லை. 18-இல் நிறுத்தியிருந்தால் "ஏழாயிரத்து நானூற்றுப் பத்து மணி நேரம்" என்று யாராவது அட்டையில் போட்டிருப்பார்களா? முழு எண்ணாக இருந்ததுதான் அதன் அதிர்ஷ்டம்.

"21 நாளில் பழக்கம்" அதே குடும்பம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல், நோயாளிகள் புது முகத்துக்குப் பழக "குறைந்தது சுமார் 21 நாள்" ஆகிறது என்று எழுதினார். வழியில் "குறைந்தது" உதிர்ந்துவிட்டது. பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடு மதிப்பு 66.

அதனால் அபுனைவில் ஒரு முழு எண் கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேரை வைத்துச் சொன்னது? சராசரியா, எல்லோருக்குமா? "குறைந்தது", "சிலருக்கு" மாதிரி ஏதாவது சொல் உதிர்ந்திருக்கிறதா? உளவியல் புத்தகம் என்றால் வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் கணக்கில் தேறியவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம். அதற்கு முன்னால் வந்த, முழுக்க ஆய்வுக்கூடச் சோதனைகளையே நம்பி எழுதிய புத்தகத்தைக் கதையாகப் படிக்கலாம், மருந்துச் சீட்டாகப் படிக்க வேண்டாம்.

இனி நாவல். இங்கே ஆசிரியர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. தொடக்கத்தைப் பத்து முறை திருத்தியிருப்பார். முடிவு எழுத உட்காரும் முன்பே தெரிந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போட்ட பலகை. 300 பக்க நாவலில் 120-க்கும் 200-க்கும் நடுவில் பாருங்கள்: புதிதாக ஒரு பாத்திரம் நுழையும், எல்லோரும் எங்கேயாவது பயணம் போவார்கள், இல்லாவிட்டால் 20 பக்கத்துக்கு பிளாஷ்பேக். இவற்றில் ஒன்று வருவது தப்பில்லை. மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அவருக்கு வழி தெரியவில்லை என்று அர்த்தம்.

ஊதுவதற்கு வணிகக் காரணமும் உண்டு, அது இன்று நேற்று வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல் என்றால் மூன்று தொகுதி, விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். வாடகை நூலகங்களுக்கு அது லாபம்: ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம். மூன்று தொகுதிக்குக் கதை போதாதவர்களும் மூன்று தொகுதி எழுதினார்கள். 1894-இல் மியூடி, ஸ்மித் என்ற இரண்டு பெரிய நூலகங்கள் தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தர முடியாது என்று சொன்ன பிறகு, சில வருடங்களிலேயே அந்த வடிவம் படுத்துவிட்டது. நாவலின் நீளத்தைக் கதைதான் தீர்மானிக்கிறது என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தொடர்கதையாக வந்து நூலானவற்றில் வேறொரு சிக்கல். வாரா வாரம் படித்தபோது "கதவைத் திறந்தவள் திடுக்கிட்டாள்" வேலை செய்தது. ஒரே மூச்சில் படிக்கும்போது பத்துப் பக்கத்துக்கு ஒரு திடுக்கிடல் என்றால் நமக்கே அலுத்துவிடும். இதற்கு ஒரே வைத்தியம், ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று படிப்பது. அது அப்படிப் படிக்க எழுதியதுதானே.

வசனம்தான் நாவலின் நாடி. உதாரணத்துக்கு, அண்ணன் தம்பியிடம் சொல்வதாக இப்படி ஒரு வரி:

"அப்பா செத்து பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப நீ காலேஜ் ஃபர்ஸ்ட் இயர், நான் வேலை தேடிக்கிட்டு இருந்தேன்."

தம்பிக்கு இது தெரியாதா? இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால், அவர் பேசுவது தம்பியிடம் அல்ல, நம்மிடம். "அப்பா இருந்திருந்தா இந்த வீட்டை வித்திருக்க மாட்டாரு" என்று எழுதியிருந்தால் அதே தகவலோடு ஒரு சண்டையும் கிடைத்திருக்கும். இந்த மாதிரி வரி முதல் அத்தியாயத்தில் ஒன்று வந்தால் மன்னித்துவிடலாம். அத்தியாயத்துக்கு ஒன்று வந்தால் புத்தகம் கடைசிவரை அப்படித்தான் போகும்.

கூடவே சில சொற்களை எண்ணிக்கொண்டே போங்கள்: "ஏனோ", "ஒரு கணம்", "இனம் புரியாத". உணர்ச்சியின் இனத்தைக் கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளர் வேலை. அவருக்கே புரியவில்லை என்றால் நாம் யாரைப் போய்க் கேட்பது? "என்றாள் விரக்தியாக", "என்றான் குரல் தழுதழுக்க" என்று ஒவ்வொரு பேச்சுக்கும் வால் முளைத்திருந்தால், வசனம் தானே நிற்காது என்ற பயம் அவருக்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பு நூல்களில் எண்ண வேண்டியது "ஒரு"வும் "படுகிறது"வும். "அவர் ஒரு மருத்துவர் ஆவார்", "இது பலரால் நம்பப்படுகிறது" என்று பக்கம் முழுக்க ஓடினால், மூல நூல் சுமாரா, மொழிபெயர்ப்பு சுமாரா என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. சந்தேகத்தின் பலனை மூல ஆசிரியருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. சுமாரான நாவலில் கிடைக்கிற சில விஷயம் மகத்தான நாவலில் கிடைக்காது. ஒரு தொழிலுக்குள்ளேயே கிடந்து ஊறியவர் எழுதியிருந்தால், காதல் காட்சி சகிக்காது, முடிவு சினிமாத்தனம். ஆனால் பாய்லர் அறையில் ஷிஃப்ட் மாறும்போது யார் யாருக்கு எதை ஒப்படைப்பார்கள், எதை மறைப்பார்கள் என்று வரும் பத்துப் பக்கத்தை வேறு எவராலும் எழுத முடியாது. "நல்ல மோசமான புத்தகம்" என்று ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் ஒரு பெயரே வைத்தார். 1945-இல் ஜார்ஜ் ஆர்வெல் அதை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். இலக்கியத் தகுதி இல்லாமலே நிலைத்துவிடுகிற புத்தகங்கள் என்பது அதன் சாரம்.

எப்போது கீழே வைப்பது? நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்ன கணக்கு பிரபலம்: 50 பக்கம் படி, பிடிக்காவிட்டால் விடு, வயது 50-ஐத் தாண்டியிருந்தால் 100-இலிருந்து வயதைக் கழித்து, வருகிற பக்கம் வரை படி. 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். நாவலுக்கு இது சரி. அபுனைவுக்கு இது தலைகீழ் என்பேன், ஏனென்றால் அபுனைவின் முதல் 50 பக்கம்தான் அதன் மிகச் சிறந்த பகுதி. அதை வைத்துத்தான் புத்தகத்தையே விற்றிருப்பார்கள். அங்கே 100-ஆம் பக்கத்திலிருந்து பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். புதிதாக ஒரு விஷயமாவது இருந்தால் தொடரலாம். துப்பறியும் நாவலுக்கு இரண்டு கணக்கும் உதவாது. கொலைகாரர் யார் என்று மட்டும் அரிப்பு இருந்தால் கடைசி 30 பக்கத்துக்குத் தாவுங்கள், யாரும் அபராதம் போட மாட்டார்கள். பக்கம் தாண்டுவதையும் பாதியில் விடுவதையும் வாசகரின் உரிமைகளில் சேர்த்து 1992-இலேயே பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் பட்டியல் போட்டுவிட்டார்.

அப்புறம், படித்துவிட்டு விமர்சனம் எழுதும்போது பக்க எண் போடுங்கள். "சுமார், ஒருமுறை படிக்கலாம்" என்பதற்குப் பதிலாக இப்படி: "முதல் 80 பக்கம் அருமை. அக்கா ஊரைவிட்டுப் போனதும் படுத்துவிடுகிறது. 96-லிருந்து 170 வரை தாண்டலாம், நடுவில் 131-இல் வரும் ஏலக் காட்சியை மட்டும் விடாதீர்கள். கடைசி அத்தியாயத்தை ஆசிரியர் அவசரமாக முடித்திருக்கிறார். பிரூஃப் பார்க்கவில்லை, சித்தப்பா பேர் இரண்டு இடத்தில் மாறுகிறது. மூணு ஸ்டார்."