30 டெசிபலும் 60 டெசிபலும் கிட்டத்தட்ட ஒன்றா?

கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்) கலந்த பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகைப் படலம், 30 டெசிபல் (எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு) வரை மின்காந்த இடையூறை, அதாவது கருவிகளைக் குழப்பும் வெளி அலைகளை, தடுக்கிறது, அதாவது 99.9 சதவீதம், 60 டெசிபல் தரும் உலோகத் தகடு 99.9999 சதவீதம், எனவே இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சதவீதக் கணக்கு சரிதான். முடிவுதான் சரியில்லை.

தடுத்தது எவ்வளவு என்பதை விட, கசிந்தது எவ்வளவு என்று பாருங்கள். 1 வாட் அலை வந்து மோதினால், 30 டெசிபல் படலம் 1 மில்லிவாட்டை உள்ளே விடுகிறது. 60 டெசிபல் தகடு விடுவது 1 மைக்ரோவாட். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! செல்பேசியின் ரிசீவர், ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலைப் பிடிக்கக்கூடியது. அதற்குப் பக்கத்தில் இந்த ஆயிரம் மடங்கு சின்ன விஷயமில்லை.

இதனால் கிராஃபீன் படலம் மட்டம் என்று ஆகிவிடாது. எடை குறைவு, துருப்பிடிக்காது, வளையும். சாதாரண மின்னணுக் கருவிகள் பலவற்றுக்கு 20 டெசிபலே போதும் என்றுதான் ஆய்வுக் கட்டுரைகளிலும் பொதுவாகச் சொல்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். டெசிபல் எண்ணை 10ஆல் வகுங்கள், வரும் விடையை 10இன் அடுக்காகப் போடுங்கள். 30 என்றால் 10இன் 3ஆம் அடுக்கு, 1,000. ஆயிரத்தில் ஒரு பங்கு கசிகிறது. 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்புறம், இரண்டு பொருட்களை ஒப்பிடும்போது தடிமனும் அலைவரிசையும் ஒன்றுதானா என்பதையும் அளவீட்டு அட்டவணையில் பாருங்கள். பல கட்டுரைகள் 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டுமே அளந்திருக்கும்.