எங்கள் பாடகர் குழு காத்திருக்கட்டும்

பெரிய வெள்ளியை ஒட்டி நடக்கவிருந்த எங்கள் இசைநிகழ்ச்சி, கொரோனா பரவலால் 2020 மார்ச் மாதத்தில் தள்ளிவைக்கப்பட்டதிலிருந்து ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது: அவரவர் வீட்டிலிருந்து பாடி, வீடியோவாக இணைத்துப் போட்டுவிடலாமே? அன்போடுதான் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை.

நாங்கள் பழகிக்கொண்டிருந்தது இயேசுவைப் பற்றி ஹேண்டல் இயற்றிய பெரிய இசைப்படைப்பான 'மெசையா'வில் இரண்டாம் பகுதி. அதன் சேர்ந்திசையில் சில வரிகள் மிக நீளமானவை. ஒரே மூச்சில் யாராலும் பாடி முடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் விடாமல் பிடிப்பேன், நான் எடுக்கும்போது அவர் பிடிப்பார். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. யார் எங்கே எடுப்பார் என்பது பாடிப் பாடித்தான் கைவரும். சனிக்கிழமை மாலைகளையெல்லாம் இதற்குத்தான் கொடுத்தோம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வீட்டில் தனியே பாடுகிறவருக்கு யார் பிடித்துத் தருவார்கள்? ஜூமில் சேர்ந்து பாடவும் வழியில்லை. குரல் போய்ச் சேர்வதில் உள்ள சிறு தாமதமே தாளத்தைக் கலைத்துவிடுகிறது.

அப்படி அருகருகே நின்று மூச்சு விடுவதே 2020இல் ஆபத்தாகிவிட்டது என்பதுதான் வேதனை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காகிட் பகுதிச் சேர்ந்திசைக் குழு மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்திருக்கிறது. பின்னர் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். யாரும் அலட்சியமாக இருக்கவில்லை, கிருமிநாசினிகூட வைத்திருந்தார்கள். இதைப் பற்றிய அறிக்கையை மே மாதம் வாசித்தபோது எங்கள் வரிசை கண்முன் வந்தது. பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையான ஆல்ட்டோவில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். ஆண்களின் கனத்த குரலான பாஸில் எனக்கு வழிகாட்டும் அண்ணன் சர்க்கரை நோயாளி. நிகழ்ச்சியைத் தள்ளிவைத்த எங்கள் கொயர் மாஸ்டரை அன்று சிலர் பயந்தவர் என்றார்கள். அவர் எங்களைக் காப்பாற்றினார் என்றே நான் சொல்வேன்.

2020 ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, வழிபாட்டுத் தலங்களில் பதிவுசெய்த இசையை ஒலிக்கவிடலாம், பாடகர் குழுக்களை அனுமதிக்கக் கூடாது என்றது. மனம் வலித்தது. ஆனாலும் அது சரியான முடிவு.

டிசம்பர் கீத ஆராதனையோடு சேர்த்துப் பாடிவிடலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. மெசையாவைக் கிறிஸ்துமஸ் இசை என்றே பலரும் நினைப்பதால் வரும் யோசனை இது. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அது முதன்முதலாக அரங்கேறியது ஈஸ்டரை ஒட்டித்தான். நாங்கள் பழகியதோ ஆண்டவர் இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் பகுதி. அதற்கு உரிய காலம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலம்தான். ஆகவே குழுவினரிடம் என் வேண்டுகோள்: இசைத்தாள்களைத் திருப்பித் தராதீர்கள். வீட்டில் அவரவர் பகுதியைப் பாடிக்கொண்டே இருங்கள். எந்த ஆண்டானாலும் சரி, அந்த ஆல்ட்டோ அக்காமார் அச்சமில்லாமல் வந்து வரிசையில் நிற்கக்கூடிய முதல் பெரிய வெள்ளிக்கு நாம் பாடுவோம்.