ஸ்பீக்கரிடம் சொன்னால் 1990 அம்புலன்ஸ் வந்துவிடுமா?

உப்புவெளி, கின்னியா, மூதூர் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்கு அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர் (நாம் பேசினால் கேட்டுப் பதில் சொல்லும் கருவி) வாங்கி வைத்தால் போதுமாம். தமிழில் பேச்சுத்துணையாக இருக்குமாம். விழுந்துவிட்டால் "உதவி" என்றதும் இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990-ஐத் தானே அழைக்குமாம்.

அது அழைக்காது. அலெக்சாவால் அவசர சேவை எண்களை நேரடியாக அழைக்க முடியாது. அமேசானின் உதவிப் பக்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அலெக்சாவின் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் கூகுள் அசிஸ்டன்ட் தமிழ் கேட்கும், சரி. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சை அது பிடிப்பது கொஞ்சம் பாடுதான்!

வதந்தியில் ஒரு துளி உண்மையும் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநில முதியோர் அலுவலகம், தனிமையில் இருக்கும் 800-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு எலிக்யூ என்ற பேசும் கருவியைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அது வேறு கருவி, வேறு நாடு. பேச்சுத்துணைக்குத்தான் கொடுத்தார்கள், அம்புலன்ஸுக்கு அல்ல.

பாட்டுக் கேட்க, மருந்து நேரத்தை நினைவூட்ட ஸ்பீக்கர் வாங்குவதில் பிழையில்லை. அதை நம்பி அம்மம்மாவின் பட்டன் போனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சுவசெரிய 1990 இலவச சேவை, எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.